சாடியில் மிதந்த முட்டை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. வாய் மட்டும் தாராளமாக வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்த வாயோடுதான் புதுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

என் மாமியார் அடுப்படியை யாரிடமும் விட மாட்டார். கல்யாணமான மறுவருஷம் தவக்காலத்தில், "இந்த வாட்டி உப்பு மாங்கா சாடிய நீ போடுடி. கெடாம இருந்துச்சுன்னா அடுப்படி உன்னுது" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலக்குகிறவர். நான் கையால் அள்ளிப் போட்ட உப்பை நிறுத்தால் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்தார்.

"அஞ்சு லிட்டர் தண்ணிக்கு நீ போட்டது எரநூறு கிராம். நூத்துக்கு நாலுதான் வருது. பத்தாச்சும் வேணும். இன்னும் முந்நூறு போடு."

"மாங்கா தின்னப் போறது வாயா, உங்க தராசா?"

என் தாய்வீட்டில் உப்புத் தண்ணீருக்கு முட்டைதான் சாட்சி. மிதந்தால் உப்பு போதும். தவக்காலத்தில் நாங்கள் முட்டை தொடுவதில்லை. கோழி இட்டதெல்லாம் உயிர்ப்புத் திருநாளுக்காகக் கூடையில் சேர்ந்துகொண்டிருந்தது. மேலே இருப்பதை எடுக்க எனக்கென்ன கேடு? கூடையின் அடிவரை கையை விட்டு, பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்துச் சாடியில் போட்டேன். அது தலையை நிமிர்த்திக்கொண்டு மிதந்தது. நானும்தான்.

"பாத்தீங்களா? இப்ப சொல்லுங்க, நூத்துக்கு நாலா?"

"இன்னொரு முட்டைய போட்டுப் பாரேன்."

"ஒரு சாட்சி போதும்" என்று முட்டையை எடுத்துப் பழையபடி கூடையின் அடியில் வைத்துவிட்டுச் சாடியின் வாயைத் துணியால் கட்டினேன்.

திருநாளன்று காலையில் மாமியார் அந்தக் கூடையிலிருந்து முட்டைகளை உடைத்துக்கொண்டே வந்தார். அடிமுட்டை ஒன்றை உடைத்ததும் நாற்றம் தாங்காமல் வீடே வாசலுக்கு ஓடிவந்தது.

"தவக்காலம் பொறக்கச்சொல்ல வெச்ச முட்டைடி இது. இந்த மாதிரி கெட்டது வெறும் தண்ணியிலயே மிதக்கும்" என்றார்.

"வெறும் தண்ணியிலயா, அத்தை?"

கேட்கும்போதே சாடியில் மிதந்த முட்டை எனக்கு நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் அதற்குள் போய்ச் சாடியின் துணியை அவிழ்த்துவிட்டார். மேலே வெள்ளையாக ஏடு படர்ந்திருந்தது. ஒரு மாங்காயை எடுத்தேன், கனிந்த வாழைப்பழம்போல விரலோடு வந்தது. அவர் துணியை மடித்து என் கையில் கொடுத்தார். 'அன்னிக்கே சொன்னேனே' என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாமியார் சாடியை எட்டிப் பார்த்தார். "கழுவி வை. மார்க்கெட்ல இன்னும் மாங்கா வருது. உப்ப அவன் நிறுத்துக் குடுக்கட்டும்" என்றார்.

இரண்டாவது சாடி அடுத்த தவக்காலம் வரை கெடவில்லை. மாமியார் வாக்குத் தவறாமல் அடுப்படியை எனக்கே கொடுத்தார், உப்பை மட்டும் மகனிடம் விட்டுவைத்தார். ஊறுகாய் போடப் புருஷன் கடையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்த பெண்பிள்ளை எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.