அண்ணி சுரண்டிய சக்கரம்

என் அண்ணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. லாரியில் இருக்கும் அலுமினிய சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில்: டீசல் டேங்க், பம்பர், படி, சக்கரம், எல்லாம். முதலில் இதைச் செய்துவந்த அண்ணனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், "மெஷின் சும்மா கெடந்து துருப்பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனவர்தான். வளையலைக் கழற்றி வைத்து, கொண்டையை இறுக்கி, கிரைண்டரில் துணிச்சக்கரத்தை மாட்டிவிட்டால் பேச்சு மூச்சு இருக்காது. வெளியே வரும்போது முகமெல்லாம் கரி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுப்பு. அந்தக் கோலத்தில் வந்து நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, "மூஞ்சியக் கழுவினியா?" என்று அதட்டுவார்!

நான் லாரி ஓட்டுகிறேன். அன்று காலை என் வண்டிச் சக்கரங்களை முடித்துக் கொடுத்தார். முன்பக்க இடது சக்கரத்தைக் காட்டி, "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல. பாரு, உன் மூக்குல இருக்கிற மரு வரைக்கும் தெரியுது" என்றார். எனக்கும் பெருமைதான். ஆனால் வாயைத் திறந்து பாராட்டவில்லை. பாராட்டினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

குடோனில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது போன் மேல் போன். எல்லாம் அண்ணி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் இப்படித்தான், சேத்துல விடாத, கல்லுல ஏத்தாத என்று ஒரு பிரசங்கம் உண்டு. நான் கட் செய்துகொண்டே இருந்தேன். சிமெண்ட் மூட்டை முழுசாக ஏறிவிட்டது. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டிய லோடு. இன்ஜினைப் போட்டுக் கேட்டுக்கு நகர்த்தினால், குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அண்ணிதான். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. தோளில் பேட்டரி டிரில் மெஷின் பை.

"வண்டிய எடுக்காத. எறங்கு."

"என்ன அண்ணி, வெளையாடுறீங்களா? பின்னாடி வண்டி நிக்குது."

"இடது சக்கரத்துல விரிசல் இருக்குடா."

குதித்து இறங்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. "எங்க விரிசல்? என் மருதான் தெரியுது."

அண்ணிக்குக் குரல் நடுங்கியது. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. சக்கரத்து ஓட்டைகளுக்குள் கிரைண்டர் போகாது. கூம்பு போன்ற துணிமுனையை டிரில்லில் மாட்டித்தான் தேய்ப்பார். அப்படித் தேய்த்துத் துடைத்தபோது ஓர் ஓட்டையின் ஓரம் மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு ஒன்று தெரிந்திருக்கிறது. துடைத்தார், திரும்ப வந்தது. மறுபடி துடைத்தார், மறுபடி வந்தது. பாலிஷ் சோப்பின் மிச்சம் என்று நினைத்து, சூடேற அழுத்தித் தேய்த்துவிட்டார். கோடு மறைந்துபோனது.

"அழுக்குன்னா ஒரு தடவையில போயிருக்கும்டா. இது விரிசலுக்குள்ள சேந்த எண்ணெயும் கரியும், ஊறி ஊறி வந்திருக்கு. அலுமினியம் மிருதுவான சாமான், அழுத்தித் தேய்ச்சா இழுத்து மூடிக்கும். நான்தான் மூடிட்டேன். சாப்பிட உக்காந்தப்பதான் எனக்கு உறைச்சுது."

குடோன் சூப்பர்வைசர் வந்து கத்தினார். "குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்கப்பா. எடுக்கறியா, லோடை வேற வண்டிக்கு மாத்தவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டுக்குப் போங்க அண்ணி. மானம் போகுது."

"போகட்டும். எறக்கத்துல சக்கரம் பிளந்தா எது போகும்?"

டிரில்லில் உப்புத்தாள் வட்டை மாட்டினார். எந்த ஓட்டை என்று அவருக்கு நினைவில்லை, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது. மண்ணில் மண்டியிட்டு, காலையில் தானே மெச்சிய அந்தப் பளபளப்பின் மேல் வட்டை வைத்து அழுத்தினார். சுரண்டி, வெள்ளைத் துணியால் துடைத்தார். ஒன்றும் இல்லை. அடுத்த ஓட்டை. அங்கேயும் இல்லை. பின்னால் ஹாரன் அலறியது. "அக்காவுக்கு வெயில் ஏறிடுச்சு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறிவிட்டார்.

அதற்கடுத்த ஓட்டையைச் சுரண்டித் துடைத்தபோது மங்கிய உலோகத்தில் மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு. துடைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டை விளிம்பில் முதலில் கறுத்தது. பிறகு விரல் நீளத்துக்கு மெதுவாக ஊறி வந்தது.

நான் ஏறி இன்ஜினை அணைத்தேன். அந்தச் சக்கரத்தோடு நான் மலையில் பாதி தூரம் போயிருப்பேன்.

அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதார். "நான் செஞ்சதுலயே நல்லா வந்தது இதுதான்டா."

"ஆமா அண்ணி. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராக அடுத்த சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து டிரில்லை ஓடவிட்டார்.

"அதுலயும் கோடு பாத்தீங்களா அண்ணி?"

"அதையும் நான்தானேடா தேய்ச்சேன்."