பீட்ரூட் இல்லாத வாரம்

பாண்டித்துரை போன வருடம் ரேஸில் தோற்றது ஒரு சக்கர அளவில்தான். அதுவும் கடைசி ஐம்பது அடியில். குல் ஸமான் என்கிற பெஷாவர்க்காரன், லாரியில் ஹெல்பர், தோளோடு தோள் உரச வந்து, கோட்டுக்கு முன்னால் ஒரு எம்பு எம்பிப் போய்விட்டான். நாலைந்து கட்டுமானக் கம்பெனிகள் சேர்ந்து மார்ச் மாதம் நடத்தும் தொழிலாளர் விளையாட்டு நாள் அது. இருபது கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம். ஜெயித்தவனுக்கு ஒரு கோப்பையும் ஒரு டிவிடி பிளேயரும் கொடுப்பார்கள். பாண்டிக்கு அது இரண்டும் பொருட்டில்லை. திரும்பி வந்து துபாய் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்துக் கட்டில்காரனான நாகலிங்கத்திடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"அடுத்த வருசம் அவன் என் முதுகத்தான் பாக்கணும் மாப்ள."

பாண்டிக்கு அப்போது முப்பத்தாறு வயது. முதுகுளத்தூர்ப் பக்கம். துபாய்க்கு வந்து ஒன்பது வருடம், ஒன்பது வருடமும் கம்பி கட்டுகிற வேலை. மாடி மாடியாகக் குனிந்தே இருந்து முதுகு ஒரு பக்கம் கோணியிருந்தது. சைக்கிள் மேல் ஏறிவிட்டால் மட்டும் அந்தக் கோணல் அவனுக்குத் தோதாக உட்கார்ந்துகொள்ளும். ஊரில் மனைவி உமாராணி, இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை போனால் அங்கே கருவேலங்காட்டில் கரி மூட்டம் போடுவதைத் தவிர வேறொன்றுமில்லை. இதை அவன் துக்கமாகச் சொல்ல மாட்டான். பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொல்வான்.

சைக்கிள் அவனுக்குக் கிடைத்தது சைட்டில் இருந்த ஒரு ஐரிஷ் எஞ்சினியரிடமிருந்து. வேலையை விட்டுப் போகும்போது தன் பழைய ரேஸ் சைக்கிளை "எடுத்துக்கோ" என்று பூட்டுச் சாவியோடு கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சைக்கிள் பத்திரிகையும் இருந்தது. குளிர்காலத்தில் பந்தயக்காரன் எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று அதில் எட்டுப் பக்கம். நாகலிங்கம் பிளஸ் டூ வரை படித்தவன், அரியலூர்க்காரன், பலகை அடிக்கும் கார்பெண்டர். எட்டுப் பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னவன் அவன்தான். பனி கொட்டுகிற ஊர்க்காரர்களுக்காக எழுதியது அது. வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதியுங்கள் என்றெல்லாம் இருந்தது. இங்கே கதை தலைகீழ். கோடையில் வெளியே நின்றால் மயங்கி விழ வேண்டியதுதான், சைக்கிள் மிதிக்கத் தோதான காலமே குளிர்காலம்தான். அதைத் தள்ளிவிட்டு நாகலிங்கம் ஒரு வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். உடம்பு இளைத்தால் வேகம் கூடும்.

அப்படித்தான் 2006 நவம்பரில் அந்த நோட்டு பிறந்தது. சிவப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. என்ன சாப்பிட்டான், எவ்வளவு தூரம் ஓட்டினான், இருபது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், வெள்ளிக்கிழமை எடை எவ்வளவு, எல்லாம் நாகலிங்கத்தின் கையெழுத்தில். எடை பார்ப்பது செய்கு முகம்மது பாயின் கார்கோ கடையில். ஊருக்குப் போகும் பெட்டிகளை நிறுக்கும் பெரிய இரும்புத் தராசில் ஜும்மா முடிந்ததும் பாண்டி ஏறி நிற்பான். கீழக்கரைக்காரரான பாய்க்கு அது ஒரு வேடிக்கை.

"ஓய், கடல் வழியா அனுப்பவா, பிளேன்லயா?"

முதல் வெள்ளி அறுபத்தெட்டு கிலோ. அடுத்த வாரம் அறுபத்தேழு. நாகலிங்கம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'சபாஷ்' என்று எழுதினான்.

சாப்பாடும் அவன் பொறுப்பு. எட்டுப் பேர் இருக்கும் ரூமில் முறை வைத்துச் சமைப்பார்கள். பாண்டிக்கு மட்டும் தனிக் கணக்கு. காலையில் கேப்பைக் கூழ், டியூட்டிக்கு முளைகட்டிய பாசிப்பயறு, சாயந்திரம் இரண்டு முட்டை, சோற்றுக்குப் பதில் ஒரே ஒரு குபூஸ் ரொட்டி. வெள்ளிக்கிழமை பிரியாணி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு. ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லக் கேட்டது. மார்க்கெட்டில் வாங்கி, துருவி, துணியில் பிழிந்து, கையெல்லாம் சிவக்கக் கொண்டு வந்து நீட்டுவான். பாண்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான்.

டிசம்பர் தொடக்கத்தில் எல்லாம் ஜோராக இருந்தது. ஐந்து மணிக்கு சைட் பஸ் கேம்ப்பில் இறக்கிவிடும். குளித்ததும் குளிக்காததுமாகப் பாண்டி சைக்கிளோடு கவானீஜ் ரோட்டுக்கு ஓடிவிடுவான். எட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக் காலையில் இருபது கிலோமீட்டரை முப்பத்து நாலு நிமிடம் இருபது நொடியில் முடித்தான். குல் ஸமான் போன வருடம் எடுத்தது முப்பத்தைந்து நிமிடத்துக்கும் மேல். ரூமே கை தட்டியது. அன்றிலிருந்து கேம்ப்பில் நாகலிங்கத்துக்கு 'கோச்' என்று பேர் விழுந்தது. குழாயடி வரிசையில் நின்றால்கூட "கோச் சாப், ஆவோ" என்று வடநாட்டுக்காரர்கள் இடம் விட்டார்கள். பலகை அடித்தே காலம் தள்ளியவனுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

டிசம்பர் பாதியில் இருமல் வந்தது. குளிர்காலத் தூசி என்றார்கள். காலையில் எழுந்தால் பாண்டியின் படுக்கை விரிப்பு நனைந்து கிடந்தது. கொழுப்பு கரைகிறது என்றான் நாகலிங்கம். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளினான் பாண்டி. வாயைக் கட்டப் பழகிவிட்டான் என்று அதையும் நோட்டில் எழுதினான் நாகலிங்கம். அறுபத்தைந்து, சபாஷ். அறுபத்து மூன்று, சபாஷ். இதைச் சொல்லும்போது திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் யாரைத் திட்ட? அந்த ரூமில் எட்டுப் பேருக்கும் கண் இருந்தது, எட்டுப் பேரும் அவன் இளைப்பதைப் பார்த்து சந்தோஷப்பட்டார்கள்.

பிப்ரவரியில் பாண்டிக்கு விசா புதுப்பிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நெஞ்சில் காசநோய்ப் புள்ளி தெரிந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, அங்கிருந்தே ஏர்போர்ட். பிறகு இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. முந்தின வருடம் பக்கத்து பிளாக் தெலுங்குக்காரன் ஒருவன் அப்படிப் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பாண்டிக்கு அந்தப் பயமில்லை.

"இந்த உடம்ப பாத்தா டாக்டரே எந்திரிச்சு நிப்பான்" என்று பனியனைத் தூக்கி வயிற்றைத் தட்டிக் காட்டுவான்.

ஜனவரி ஐந்து, வெள்ளிக்கிழமை. காலையில் குழாயடியில் பாண்டிக்குப் பின்னால் பிரஷ்ஷோடு நின்றிருந்தான் நாகலிங்கம். பாண்டி இருமினான், துப்பினான். தொட்டியில் சிவப்பாக விழுந்தது. பாண்டி சட்டென்று குழாயைத் திறந்துவிட்டான்.

"பீட்ரூட்டு" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

"ம்" என்றான் நாகலிங்கம்.

ரூமுக்கு வந்து கேப்பை மாவை எடுக்க அலமாரியைத் திறந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. பக்ரீத் பெருநாள் விடுமுறையில் மார்க்கெட்டுக்குக் காய் லாரி வரவில்லை. ஆறு நாளாக பீட்ரூட்டே வாங்கவில்லை. நோட்டைப் புரட்டினான். அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'இந்த வாரம் பீட்ரூட் கிடைக்கவில்லை. பதிலாகப் பேரீச்சம்பழம் ஆறு.'

கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சொன்னால் கிளினிக், கிளினிக் போனால் எக்ஸ்ரே, எக்ஸ்ரே எடுத்தால் ஏர்போர்ட். பாண்டியின் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துத்தான் நாகலிங்கம் வாயை மூடினான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த நோட்டும், 'கோச்' என்கிற பேரும், மார்ச் மாதப் பந்தயமும்தான். ஒருவேளை தொண்டை புண்ணாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து கூழைக் காய்ச்சினான்.

அன்று மத்தியானம் தராசில் அறுபது கிலோ காட்டியது. செய்கு முகம்மது பாய் வேடிக்கை பேசவில்லை. முள்ளையும் பாண்டியின் கழுத்தெலும்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இது போதும். ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிருங்க. எனக்கு மனசுக்குச் சரியாப் படல."

பாண்டி நாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டிரெய்னிங்னா அப்படித்தான் பாய்" என்றான் நாகலிங்கம். நோட்டைத் திறந்து அறுபது என்று எழுதி, பக்கத்தில் சபாஷ் போட்டான்.

அதற்குப் பிறகு நிமிடங்கள் ஏறத் தொடங்கின. முப்பத்தாறு, முப்பத்தேழரை. எதிர்க்காற்று என்று எழுதினான். டயர் பழசு என்று எழுதினான். இளைப்பு போதவில்லையோ என்று ஒரு முட்டையைக் குறைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. உமாராணி போனில், "என்னங்க, கொரலு கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றாள். ஏசி குளிர் என்றான் பாண்டி. பிப்ரவரி இரண்டாம் வெள்ளியன்று பாதி வழியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். எடை ஐம்பத்தைந்து. அன்று மட்டும் நாகலிங்கத்துக்கு சபாஷ் போடக் கை வரவில்லை.

பதினேழாம் தேதி விசாவுக்கு மெடிக்கல் எடுத்தார்கள். நாலாம் நாள் காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த பாண்டியைக் கேம்ப் பாஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "துமாரா டியூட்டி மாஃபி. நீச்சே ஆவோ." உனக்கு வேலை இல்லை, கீழே இறங்கு என்று அர்த்தம். கம்பெனி ஆள் அவன் பாஸ்போர்ட்டோடு காரில் காத்திருந்தான். பஸ் கிளம்பியபோது பாண்டி கம்பி கட்டும் கொக்கியைக் கையில் பிடித்தபடியே ரோட்டில் நின்றிருந்தான். அடுத்த இரண்டு நாளில் ரூமில் இருந்த ஏழு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏழு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது.

மார்ச் இரண்டாம் தேதி பந்தயம் நடந்தது. நாகலிங்கம் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பாண்டியை வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலில் முகமூடி கொடுத்த நர்ஸ் சந்திரகலா தமிழ்க்காரி.

"நீங்கதான் ரூம்மேட்டா? எப்போலேர்ந்து வெயிட் குறைஞ்சுதுன்னு கேட்டா இவரு சிரிக்கிறாரு. உங்களுக்காவது தெரியுமா?"

நாகலிங்கம் சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து நீட்டினான். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது.

"வாராவாரம் இவ்ளோ சுத்தமா எழுதி வச்சிருக்கீங்க. இது என்ன, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சபாஷ்?"

நாகலிங்கம் முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரி. சளியில ரத்தம் எப்போ மொதல்ல வந்துச்சு?"

"ஜனவரி அஞ்சு."

"அவ்ளோ கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

"அன்னைக்கு பீட்ரூட் இல்லைங்க" என்றான். அவளுக்குப் புரியவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம்தான் என்றாள்.

பாண்டி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மருந்து வேலை செய்கிறதாம். இன்னும் இரண்டு வாரத்தில் அனுப்பிவிடுவார்களாம். முதலில் கேட்டது பந்தயத்தைத்தான்.

"குல் ஸமானா?"

"ஆமா."

"டைமு?"

"முப்பத்து நாலு அம்பது."

பாண்டி கையை நீட்டி நோட்டை வாங்கினான். டிசம்பர் எட்டைத் தேடி எடுத்து, முப்பத்து நாலு இருபது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தான். சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும் நாகலிங்கம் தேக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டான்.

"மாப்ள, அந்தப் பெருநாள் வாரம் பீட்ரூட்டு இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்டா."

"எனக்கும் தெரியும்" என்றான் பாண்டி. "குடிக்கிறவனுக்குத் தெரியாதா, குடிக்கலன்னு?"

"அப்பறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

பாண்டி நோட்டைப் புரட்டி ஜனவரி ஐந்துக்கு வந்தான். கோபமெல்லாம் இல்லை அவனிடம். இருந்திருந்தால் நாகலிங்கத்துக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பயமாத்தான் இருந்துச்சு. பாய் கடையில நீ சொல்லுவ, சொல்லுவன்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீ சபாஷ் போட்ட. சரி, இவன் படிச்சவன், ஒண்ணுமில்ல போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன் மாப்ள."

சந்திரகலா வந்து நேரமாகிவிட்டது என்றாள். பாண்டி நோட்டைத் திருப்பித் தரவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் கேட்பார்கள் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.