ஓடையை அரசு அறியுமா?

காலையில் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நான் வேங்கிக்கால் வீட்டில் இல்லை. பழைய பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். படி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் தப்பாக அடித்த எழுத்தை அடைக்க ஒரு சிவப்பு மருந்து வைத்திருப்போம். அச்சு அசல் இதே வாடை. அது என் விரலில் ஒட்டாத நாள் கிடையாது, அவ்வளவு தப்பு அடிப்பேன்.

எழுபதுகளின் கடைசி. நான் பிறந்த ஊரிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் பெண் நான். அந்தப் பெருமை ஊர் ஓடைக்குத் தெரியவேண்டுமே! கீழ்பென்னாத்தூர் போகிற சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குள் வரும் பாதையை அது குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும். மழை பிடித்தால் பஸ் அக்கரையிலேயே திரும்பிவிடும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவேன். தண்ணீர் ஜாஸ்தியானால் அதுவும் முடியாது, அன்றைக்கு லீவுதான்.

அப்பாவை நாங்கள் நயினா என்று கூப்பிடுவோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வயலிலிருந்து வந்தவர் ஒருநாள், “இந்த மழையோட பார்ப்பேன். லீவு போட்டே வேல போயிடும். அவங்களா அனுப்பறதுக்குள்ள நீயே விட்டுடு” என்றார். கல்யாணமாகாத பெண்ணை டவுனில் தனியாக அறை எடுத்துத் தங்கவிடுகிற காலமில்லை அது. வேலை போய்விடுமே என்று நான் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்வதற்குள் ஒரு போகம் விளைந்துவிடும். ஆனால் வேலூர் கலெக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்து, சட்டசபைக் கேள்வி என்று சொல்லிவிட்டால் கதையே வேறு. டீ குடிக்கப் போனவரைக்கூட ஆள் அனுப்பிக் கூட்டிவருவார்கள். உறுப்பினர்கள் எதைத்தான் கேட்கமாட்டார்கள்? பள்ளிக்கூட ஓடு, ரேஷன் மண்ணெண்ணெய், மாட்டுக்குக் கோமாரி, மலை சுற்றும் பாதைக்கு விளக்கு. மெட்ராஸில் எழுந்து பதில் சொல்லப்போகிற அமைச்சருக்கு எங்கள் பக்கத்து மாட்டைத் தெரியுமா? அதனால் கேள்வி படிப்படியாக எங்கள் வரைக்கும் இறங்கிவரும், பதில் அதே படிகளில் ஏறிப்போகும். கூடவே துணைக்கேள்விக்கான குறிப்பு என்று ஒன்றும் போகும். சபையில் யாராவது குறுக்கே எதையாவது கேட்டால் அமைச்சர் முழிக்கக் கூடாதல்லவா. எங்கள் மேனேஜர் ஒருமுறை ஏரி மதகைப் பற்றிய கேள்விக்கு ஏரியில் கிடைக்கும் மீன் வகை வரைக்கும் எழுதி அனுப்பினார்.

அவர் அந்த வேலையில் ஊறிப்போன மனிதர். “முதல் கேள்விக்கு இல்லைனு எழுதிடும்மா. மத்ததுக்கெல்லாம் இந்தக் கேள்வி எழவில்லைனு போட்டுட்டுப் போயிடலாம். ஆம்னு எழுதின, அது குட்டி போடும்” என்பார்.

தீபத்துக்குக் கொடியேறுகிற சமயம். பாதிப் பேர் திருவிழா டூட்டியில் இருந்தார்கள். நான் முழங்கால் வரை நனைந்து தாமதமாக வந்தேன். உட்காருவதற்குள் மேனேஜர் ஒரு சட்டசபைக் கேள்வித் தாளை நீட்டி, டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டச் சொன்னார். எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. (அ) மழைக்காலத்தில் இந்த ஊருக்குப் போக்குவரத்து துண்டிக்கப்படுவதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், பாலம் கட்ட அரசு முன்வருமா? கீழே மேனேஜர் கையெழுத்தில் பதில்: (அ) துண்டிக்கப்படுவதில்லை. (ஆ) எழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆபீஸின் பெரிய அதிகாரியான பிடிஓ உள்ளே வந்தார்.

“ஏம்மா இவ்ளோ லேட்டு?”

“ஓடையில தண்ணி சார்.”

“எந்த ஓடை?”

நான் தாளைக் காட்டினேன். அவர் படித்தார். அப்புறம் என் புடவையிலிருந்து தரையில் சொட்டியிருந்த தண்ணீரைப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் பொய்யில் கையெழுத்துப் போட பயப்படுகிறவர்.

“இன்னாங்க மேனேஜர், ஓடை ஆபீசுக்குள்ளயே வந்து நிக்குது. நீங்க இல்லைன்றீங்க.”

“ஆம்னு எழுதினா, இத்தினி நாளா இன்னா பண்ணீங்கனு வேலூர்ல கேப்பாங்க சார்.”

பிடிஓ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எந்த வேலைக்கோ வந்து, அந்த வேலை நின்றுபோய், வளாகத்தில் பெரிய சிமெண்ட் குழாய்கள் புல் மண்டிக் கிடந்தன. மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது அவற்றின் மேல் உட்கார்ந்துதான்.

“பதில் போக இன்னும் நாள் இருக்குதில்ல? அதுக்குள்ள இல்லைங்கறத நெஜமாக்கிடுவோம்” என்றார்.

வேலூரில் எப்படிப் பேசி அனுமதி வாங்கினாரோ தெரியாது. மழை விட்ட இடைவெளியில் குழாய்கள் லாரியில் ஏறிப்போய் ஓடையில் இறங்கின. ஊர்க்காரர்கள் வண்டி மாட்டைப் பூட்டிச் சரளை அடித்தார்கள். முதல் பஸ் ஓடைக்கு மேலே ஏறி ஊருக்குள் வந்த அன்று நான் ஆபீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். கதவு திறக்கவில்லை. உட்காரலாம் என்றால் குழாயும் இல்லை. அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் எங்கும் நின்றதில்லை. அப்புறம் மேனேஜர் எழுதிய பதிலை ஓர் எழுத்து மாற்றாமல் ஸ்டென்சில் வெட்டினேன்.

சில வாரம் கழித்து அது பேப்பரில் வந்தது. டீக்கடையில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நயினா ஓடை மேலேயே நின்றிருந்தார், முகமெல்லாம் சிவந்து.

“கல்யாண வீட்ல அந்த எம்.எல்.ஏ. கையப் புடிச்சி, எம்பொண்ணு ஓடையத் தாண்ட முடியலைய்யானு நான்தான் சொன்னேன். நான் கேக்கச் சொன்ன கேள்விக்கு இல்லைனு நீயே டைப் அடிச்சியா?”

வேலையை விடச் சொன்ன மனிதர்!

“நயினா, இப்ப நீ எதுமேல நிக்கற?”

குனிந்து பார்த்தார். காலடியில் குழாய்க்குள் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வா, வூட்டுக்குப் போலாம்” என்று முன்னால் நடந்தார்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் குழாய்கள் போய், சாலையோடு சாலையாகப் பாலம் வந்துவிட்டது. ஸ்டென்சிலும், கைப்பிடியைச் சுற்றிப் படி எடுக்கும் மிஷினும் போயின. மேனேஜரும் நயினாவும் இல்லை. மருமகள் இப்போது நான் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். இதையெல்லாம் சொன்னதும் நகத்தை ஊதிக்கொண்டே, “அங்க ஓடையா அத்த? நான் தெனம் அந்த வழியாதானே போறேன், பார்த்ததேயில்லயே” என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், மழை தூறியும்.

நயினாவிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வழியில் ஓர் ஓடை இருப்பதே தெரியாமல் ஒரு பெண் வேலைக்குப் போகிறாள். நீ கேட்கச் சொன்ன கேள்வி இப்போது உண்மையாகவே எழவில்லை, நயினா.