செல்லப்பாண்டி அண்ணனின் புது எலும்பு

"டாக்டரம்மா, அப்பா தவறிட்டாரு. நெஞ்சு வலி" என்று முருகேசன் போனில் சொன்னபோது, நான் இன்னொருவரின் தாடை எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

அவருடைய அப்பா செல்லப்பாண்டி அண்ணன், திருப்பரங்குன்றம் வழித்தடத்தில் பேருந்து நடத்துனர். கட்டி ஒன்றை அகற்றியதில் மேல்தாடையின் முன்பக்க எலும்பும் பற்களும் போய், முகம் உள்வாங்கிவிட்டது. இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்துத் தாடையில் வைத்து எலும்பு வளர்க்கும் எங்கள் சோதனைச் சிகிச்சைக்கு வந்தார். வளருமா என்பது எங்களுக்கே உறுதியில்லை, அதையும் சொன்னோம். அவருக்கு வேறு சந்தேகம்.

"இடுப்புல கிடந்தது மூஞ்சிக்கு வந்ததும், நீ இனிமே தாடைன்னு அதுக்கு யாரும்மா சொல்லுவா?"

"சுத்தி இருக்கிற எலும்பும் ரத்தக்குழாயும் சிக்னல் கொடுக்கும்ணே."

"அம்புட்டுத்தானா? அப்ப பல்லையும் முளைக்க வைங்க."

"பல்லு இன்னும் ஆய்வகத்துலதான் இருக்கு."

"சரி, அது வர்ற வரைக்கும் ஸ்டாண்டிங்ல வாரேன்" என்றார்.

வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடு வருவார். வளரும் எலும்புக்கு எங்கே நிற்பது என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டார். என்னிடம் பாதி பதில்தான் இருந்தது. மீதியைத் தேடிப் படிக்க வைத்தார் மனிதர். எனக்கும் அது பிடித்திருந்தது.

எலும்பு வளர்ந்தது. அதில் உலோகத் திருகுகள் பொருத்தித் தற்காலிகப் பற்கள் வைத்து, எதையும் கடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். மறுநாளே உடைந்த பல்லோடு வந்து நின்றார். டிக்கெட் கிழிக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் விசிலைப் பல்லில் கவ்வியே ஊதிப் பழகியவர். வீட்டுக்குப் போன பேருந்தில், பழங்காநத்தத்தில் கூட்டம் ஏறி முடிந்ததும் சட்டைப்பையிலிருந்த தன் விசிலை எடுத்துக் கவ்வி ஊதியிருக்கிறார், பயணியாக உட்கார்ந்துகொண்டே! வண்டியும் கிளம்பிவிட்டதாம்.

கண்டபடி திட்டினேன். எல்லாம் போச்சு என்ற பயத்தோடுதான் ஸ்கேன் எடுத்தோம். பல்தான் உடைந்திருந்தது, எலும்பு அசையவில்லை.

"தாடைன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சும்மா" என்று ஓட்டை வாயோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

சாம்பல் அள்ளும் நாளில் நானும் போனேன். எலும்புகளைப் பானையில் சேர்த்துக்கொண்டிருந்த முருகேசன் நிமிர்ந்தார்.

"அந்தப் புது எலும்பு எதும்மா? அப்பா இருந்தா கேட்டிருப்பாரு."

குனிந்து தேடினேன். கரிந்த திருகுகள் கிடைத்தன. எலும்புத் துண்டுகளில் எது பழையது, எது நாங்கள் வளர்த்தது என்று பிரிக்க முடியவில்லை.

"தெரியல தம்பி. எல்லாமே அப்பாதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

முருகேசன் பானையைத் துணியால் கட்டி, மேலே அந்த விசிலை வைத்தார். போய் வாருங்கள், அண்ணே. விசில் சத்தம் இல்லாமலே வண்டி வைகைக்குப் புறப்பட்டது.