பெயின்ட் அடித்த மண்டையோடுகள்

என் மனைவி பட்டம் வாங்காமல் நின்றுபோனதற்கு முழுமுதற் காரணம் நான். அவளுடைய பொது உயிரியல் செய்முறைத் தேர்வும் எங்கள் நிச்சயதார்த்தமும் ஒரே நாளில் வந்தன. தேர்வை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், மாப்பிள்ளை மறுபடி அமையமாட்டார் என்று மாமனார் முடிவெடுத்தார். என்னைப் பார்த்த பிறகும் அப்படித்தான் நினைத்தாரா என்று நான் கேட்டதில்லை. மற்ற தாள்களை எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் கைக்குழந்தையோடு போய் எழுதித் தேறிவிட்டாள். இது மட்டும் இருபது வருடத்துக்கு மேலாக அரியராகவே கிடந்தது.

விராலிமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். புதிதாக வந்த தாளாளர், ஜூன் மாதத்துக்குள் பட்டச் சான்று தராதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அதே சமயம் பல்கலைக்கழகம், பழைய அரியர்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அறிவித்தது. 'கடைசி' என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்கள்.

தேர்வுக்குப் பெயர் ஸ்பாட்டர். நீளமான மேசையில் எண் போட்டுப் பொருள்களை வைத்திருப்பார்கள். ஆதி மனிதர்களின் மண்டையோடுகள் (எல்லாம் பிளாஸ்டரில் வார்த்தவைதான்), கல்லாகிப்போன உயிரினங்கள், செடிகொடிகளின் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். இது என்ன, எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். எதையும் தொடக்கூடாது.

நான் படித்தது வணிகவியல். ஆனால் மனிதன் எங்கிருந்து வந்தான் என்பது பற்றி ஏழெட்டுப் புத்தகம் வாசித்தவன். அந்தத் திமிரில் நானே பயிற்சியாளர் ஆனேன்.

"நியாண்டர்தால் ஆளுங்க செத்தவங்களைப் புதைச்சாங்க, தெரியுமா?"

"அதுக்கு எத்தனை மார்க்கு?" என்றாள்.

செடிகொடிப் பகுதியை அவள் சமையலறையிலேயே முடித்துக்கொண்டாள். இஞ்சியைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க," என்றாள்.

"வேர்."

"தண்டு. இந்தா கணு, இந்தா செதில் எலை. உருளைக்கெழங்கும் தண்டுதான். சர்க்கரவள்ளிதான் வேர்."

"வெங்காயம்?"

"நீங்க நறுக்குறது பூரா எலை."

இத்தனை வருடமாக எதற்காக அழுதேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மண்டையோட்டுக்கு வீட்டில் என்னுடையதைத் தவிர வேறு இல்லை. முடி மறைக்காதது வசதியாகப் போயிற்று. விளக்குக்குக் கீழே உட்காரவைத்து, புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். "புருவமேடு இல்ல. முகவாய் இருக்கு. நெத்தி செங்குத்தா ஏறுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனுசன்தான்," என்று சொல்லி அப்படியே எழுதியும் வைத்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எழுத்துபூர்வமான ஒரே ஒப்புதல் அவளுடைய நோட்டில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஆவூரில் டீச்சராக இருக்கும் அவளுடைய கல்லூரித் தோழி போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அடியே, மண்டையப் போட்டு ஒடச்சுக்காத. நம்ம சீனியர் அக்கா சொன்னது மறந்துபோச்சா? பச்சை ஸ்டாண்டுல இருந்தா ஆஸ்திரலோபித்தகஸ். முன்பல்லு ஒடஞ்சிருந்தா எரக்டஸ். தாடையில செம்புக்கம்பி கட்டியிருந்தா நியாண்டர்தால். நெத்தியில இங்க் கறை இருந்தா குரோமாக்னான், அதாவது நம்ம ஆளு. நானெல்லாம் அப்பிடித்தான எழுதுனேன்."

"இன்னும் அதே மண்டைதானா?"

"அந்தக் காலேசுல யாருடி புதுசு வாங்கப் போறா?"

மனைவி புத்தகத்தை மூடிவிட்டாள். நான் அறிவியல் மனப்பான்மை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "எனக்கு வேண்டியது மனப்பான்மை இல்லைங்க, பாஸு," என்றாள். என் கொள்கை இரவுச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. சாப்பிட்டு முடித்ததும் பச்சை ஸ்டாண்டு, பல், கம்பி, கறை என்று ஓர் அட்டையில் அழகாக எழுதிக் கொடுத்தவன் நானேதான்.

தேர்வு நாளில் புதுக்கோட்டையில் அந்தக் கல்லூரித் தாழ்வாரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களாக ஒரு கூட்டம் நின்றது. பாதிப் பேர் தலையில் புது டை. கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் இதற்காகவே சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். மனைவியிடம் மெதுவாக வந்து, "கம்பி கட்டுனதுதானங்க நியாண்டர்தால்?" என்று கேட்டார். எந்த வருடத்து சீனியர் சொன்னாரோ, செய்தி மட்டும் மாறாமல் வந்திருந்தது.

லேப் உதவியாளர் கதவைத் திறந்ததும் எல்லோரும் உள்ளே போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான்கு மண்டையோடுகளும் பளபளவென்று வெள்ளை எனாமல் பூசிக்கொண்டு, ஒரே மாதிரியான புதுக் கறுப்பு ஸ்டாண்டுகளில் உட்கார்ந்திருந்தன. உடைந்த பல்லை எதையோ வைத்து அடைத்திருந்தார்கள். கம்பியும் இல்லை, கறையும் இல்லை.

"எப்பிடி இருக்குங்க?" என்றார் உதவியாளர் பெருமையாக. "காலேசப் பாக்க கமிட்டி வருதுன்னு நானே பெயின்ட் அடிச்சேன். ரொம்ப நாளா அழுக்கா கெடந்துச்சு."

"யா அல்லா, எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாட்டம் இருக்கே!" என்றார் கோட்டைப்பட்டினத்துக்காரர்.

மனைவி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஜூன் மாதம் தெரிந்தது. என்னையறியாமல் முகவாயைத் தடவிக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. "சார், சைகை காட்டாதீங்க. அங்கிட்டுப் போங்க," என்று தேர்வாளர் ஜன்னலைச் சாத்திவிட்டார். உள்ளே மணி அடிப்பது மட்டும் கேட்டது. ஒவ்வொரு மணிக்கும் வேப்பமரத்தை ஒரு சுற்று சுற்றினேன்.

வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் குடித்தாள்.

"எதை வச்சு எழுதுன?"

"மண்டைய வச்சுத்தான். வேற என்ன இருந்துச்சு அங்க? முகவாய் இருந்தது ஒண்ணே ஒண்ணு, அது குரோமாக்னான். மூளைக்கூடு சின்னது ஆஸ்திரலோ. மிச்சம் ரெண்டுக்கும் புருவமேடு பெருசா இருந்துச்சு. அதுலதான் பயந்துட்டேன். அப்புறம் பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தேன். 'ஏம்மா குனியிறீங்க?'ன்னார் தேர்வாளரு. 'பின்மண்டை பாக்கணும் சார்'னேன். 'பாருங்க, தொடாதீங்க'ன்னார். ஒண்ணு பின்னால கொண்டை போட்ட மாதிரி புடைச்சிருந்துச்சு. அதை நியாண்டர்தால்னு எழுதிட்டேன்."

"சரியா இருக்குமா?"

"சரிதான்," என்றாள். நான்தான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சரிதான்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. "பாஸுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மே மாதக் கடைசியில் தற்காலிகச் சான்றிதழைத் தாளாளரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லையாம், நேராக ஃபைலில் வைத்தாராம். அது எனக்குத்தான் வருத்தம். அவளுக்கு இல்லை.

அப்புறம் பட்டமளிப்பு விழாப் படிவம் வந்தது. பட்டத்தை நேரில் வாங்கலாம், தபாலிலும் வாங்கலாம். "வேலைதான் நிலைச்சிருச்சே, தபால்ல போட்டா போதும். வெயில்ல எதுக்கு அலையணும்?" என்றேன். அவள் நிமிராமல் 'நேரில்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு, மேடையேறி, என் கையால வாங்குவேன். நீங்க கீழ உக்காந்து போட்டோ எடுக்குறீங்க."

மறுநாள் அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதுவதுதான் என் வழக்கம். அன்றைக்கு முதல்தடவையாக உண்மையை எழுதினேன்.