கீழே இறங்காத கண்

பார்வை எந்தத் திசையில் போகிறது என்று கண்டுபிடிக்கும் மூக்குக்கண்ணாடி செய்கிறோம். புது மென்பொருள் ஏற்றினால், முறை வைத்து ஒருவர் தன் வீட்டு மனிதரைக் கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூட வழக்கம். வருபவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் ஓடும் புள்ளியைப் பார்ப்பார். கூலி ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. என் முறை வந்தபோது கிள்ளானிலிருந்து அப்பாவைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னேன்.

அப்பா போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுபவர். ஓய்வு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். சில மாதங்களாகச் சாப்பிடும்போது சட்டையெல்லாம் குழம்பு. "கண்ண எங்க வச்சிக்கிட்டுச் சாப்பிடுறீங்க?" என்று அம்மா கத்துவார். படிக்கட்டிலும் விழுந்தார். செருப்பின் மேல் பழியைப் போட்டு, புதுச் செருப்பு வாங்கினோம்.

எங்கள் கண்ணாடியின் விளிம்பில் ஒரு குட்டிக் கேமரா இருக்கும். மற்ற கேமராக்களைப் போல அது முழுப் படம் எடுக்காது. எங்கே வெளிச்சம் மாறுகிறதோ அந்தப் புள்ளியை மட்டும் குறித்துக்கொள்ளும். அசையாத கண் அதற்கு இல்லாத கண்.

புள்ளி இடமும் வலமும் ஓடியபோது அப்பாவின் கருவிழி திரையில் துள்ளியது. புள்ளி கீழே இறங்கியதும் திரை காலி.

"கண்ணாடி லூஸ் லா அங்கிள்," என்று என் சக ஊழியன் மூக்குப்பிடியை இறுக்கினான். மறுபடியும் காலி. "சேம்பிள் சரியில்ல. டெலீட் பண்ணிரு லா," என்றான் என்னிடம்.

எங்கள் பிழைப்பே அப்படித்தான். ஒத்துவராத பதிவை அழித்துவிட்டு மற்றதைக் கணக்கில் சேர்ப்போம். ஆனால் அதே கண்ணாடியை நான் மாட்டியபோது என் கண் ஒழுங்காகத் தெரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தால் சும்மா விடமாட்டேன். குப்பைப் புள்ளிகளைத் துடைக்கும் வடிகட்டியை நிறுத்திவிட்டு மூலப் பதிவைத் திறந்தேன்.

கண் அங்கே இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து கீழே போக முயன்று, பாதியில் நின்றது. கண் என்றால் வெடுக்கென்று தாவும் என்று நம்பி நாங்கள் எழுதிய வடிகட்டி, மெதுவாக வந்த புள்ளிகளைத் தூசி என்று துடைத்திருந்தது. கேமராவில் கோளாறே இல்லை. சட்டைக் குழம்பும் படிக்கட்டும் ஞாபகத்துக்கு வந்தன.

"ஏதாச்சும் உடைச்சிட்டேனாம்மா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. சாப்பிடுங்க."

நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மூளையில் கண்ணை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி தேய்கிறது, நடையும் பேச்சும் போகப்போகக் கெடும், நிறுத்த மருந்து இல்லை என்றார். லோரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்த அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. நான் தோண்டாமல் இருந்திருந்தால் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் கோபம். கீழே இறங்காத கண்ணோடு அவர் இத்தனை நாள் லோரி ஓட்டியதுதான் எனக்குப் பயம்.

வடிகட்டியைத் திருத்தினோம். கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

போன ஞாயிறு அப்பா நாற்காலியில் இருக்க, தரையில் உட்கார்ந்து அவர் கால் நகத்தை வெட்டினேன். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, குழறலாக, "கேமரா சரியாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சுப்பா."

கண்ணைத் துடைத்துக்கொள்ள நகவெட்டியைக் கீழே வைத்தேன். நகம் வெட்டும் சத்தம் நின்றது.

"போயிட்டியாம்மா?" என்றார்.

எழுந்து அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றேன்.