மஞ்சள் சட்டைக்காரர் யார்?

பொங்கல் கால்பந்துப் போட்டியில் முதல் பந்தை ஒரு பழைய ஆட்டக்காரர்தான் உதைக்க வேண்டும் என்று எங்கள் ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் முடிவானது. போன வருடம் பக்கத்துக் குப்பம் சென்னையிலிருந்து ஒருவரைக் காரில் கொண்டுவந்து இறக்கியது, அந்த எரிச்சல்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பந்தை உதைக்க ஆசை. சென்னையில் ஒரு கம்பெனி அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவர். இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து நண்டு வலை போடத் தொடங்கியபின் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தானாகக் கேட்டால் மரியாதை இல்லை, ஊரே சொல்ல வேண்டும் என்று என்னிடம் வேலியோரம் சொன்னார்.

ஊர்க் கூட்டத்தில் அவர் எழுந்து, ஒரு ஆட்டக்காரரைப் பற்றிக் குறிப்புகள் தருகிறேன், யார் என்று கண்டுபிடித்தால் அவரையே அழைக்க வேண்டும், ஆளைக் கொண்டுவருவது என் பொறுப்பு என்றார். தலைவர் ஒப்புக்கொண்டு, பாடு முறைப்படி ஆளுக்கு ஒரு பதில் என்றார். ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடுவது என்று முறை வைப்பதுதான் பாடு. தாலுகா அலுவலகத்தில் மனுக்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்ற எனக்கு ஏரியில் பாடு கிடையாது. விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

மஞ்சள் சட்டை போட்டு ஆடினார் என்றதும் முதல் ஆள் ஒரு பிரேசில்காரர் பெயரைச் சொன்னார். முட்டி போய் ஆட்டத்தை விட்டார் என்றதற்கு ஒரு இத்தாலிக்காரர் வந்தார். பெனால்டியை முகத்தால் தடுத்து முன்பல்லை இழந்தவர் என்று, அந்தப் பல் இல்லாத வாயைத் திறந்தே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எதிரில் இருந்தவர் அந்த வாயையே உற்றுப் பார்த்து, நிதானமாக ஒரு ஜெர்மன்காரரைச் சொன்னார். இப்படியே பாடு உள்ளவர்கள் எல்லாரும் உலகத்தைச் சுற்றி வந்தார்கள்.

ஓரமாக வலையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு கீதா இல்லியா உங்களுக்கு? அந்த ஓட்ட வாயி உங்க எதிர்லயே கீது."

பெண்களுக்குப் பாடு இல்லை, அந்தப் பதில் செல்லாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். அப்போது நான் எழுந்தேன். மிச்சமிருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் பாடு மட்டும். கேள்வி கேட்டவரே பதில் சொல்ல முடியாது. ஏரிக்குப் போக முடியாதவர் தன் பாடு வரும் நாளில் வீட்டு ஆளை அனுப்பலாம் என்பது நீங்களே வைத்த வழக்கம், அதனால் அவருக்குப் பதில் அவர் மனைவி சொல்லலாம் என்றேன். தலைவர் மறுக்க ஒரு விதியைத் தேடினார். அந்த முகத்தோடு பல வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவருக்கு விதி கிடைக்கவில்லை.

"எங்க வூட்டுக்காருதான் அது," என்றார் அந்த அம்மாள். "நாளைக்கு முட்டி நோவுதுனு வந்தா தைலம் தேய்க்க மாட்டேன், இப்பவே சொல்டேன்."

தலைவர் கணவரைப் பார்த்தார். "இன்னா மாமா, இத்தினி நாளா சொல்லவேயில்ல?"

"கேட்டாதான நைனா."

போட்டியன்று மஞ்சள் சட்டையில் வந்தார். விசில் ஊதியதும் குனிந்து பந்தை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். விதிப்படி தப்பு, யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒதைக்கணும்யா, வூட்டுக்கு எடுத்துனு வரக்கூடாது என்று மனைவியின் குரல் வந்த பிறகுதான் மனசில்லாமல் கீழே வைத்து உதைத்தார். பந்து வாடைக்காற்றில் ஏறி ஏரியில் விழுந்தது. அதைப் பிடித்துவரப் படகு போனது. அது திரும்பும்வரை ஆட்டம் இல்லை. அவ்வளவு நேரமும் அவர் மைதானத்தின் நடுவிலேயே நின்றார்.